அப்பளத்தின் திரும்பும் உரிமை

மருமகளும் முயலும் ஒரே கப்பலில்தான் செவ்வாய்க்கு வந்தார்கள். மருமகளை வீட்டுக்கு அழைத்துப் போக அரை மணி நேரம் பிடித்தது. முயலை அழைத்துப் போக மூன்று மாதம் பிடித்தது.

செம்பாறைக் குடியிருப்பில் இதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை. இறங்குதளத்தில் மனிதர்களுக்கு ஒரு வழி, விலங்குகளுக்கு ஒரு வழி. மனிதர் வழியில் மூச்சுச் சோதனை, தூசி ஊதல், கைரேகை, அவ்வளவுதான். நிறைமதி அதைத் தாண்டி வந்தபோது எதிரே மாமியார் மரகதவல்லி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை இன்பன், திரை வழியாக நடந்த கல்யாணத்துக்குப் பிறகு மனைவியை முதன்முதலாக நேரில் பார்க்கும் கூச்சத்தில், தன் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்த ஆரத்தித் தண்ணீரைச் செவ்வாயில் தெருவில் கொட்ட முடியாது. மரகதவல்லி அதை மறுசுழற்சிக் குழாயில் பத்திரமாக ஊற்றிவிட்டு வந்தாள்.

விலங்கு வழியில் விளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள். அங்கே ஒரு பெட்டி. அதற்குள் பூமியில் அந்த முயல் படுத்த அதே பழைய துணி, அது தின்று பழகிய அதே வயலின் உலர்புல். பெட்டிக்கு முன்னால் முழங்கால் உயர இயந்திரம் ஒன்று நின்று, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"அவசரம் இல்லை. புது இடம் பயமாகத்தான் இருக்கும். நீயாக வெளியே வரும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்."

நிறைமதி சட்டென்று நின்று திரும்பினாள். ஏழு மாதப் பயணத்தில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

"அது முயலுக்குச் சொல்லுது கண்ணு," என்றாள் மரகதவல்லி. "நீ வெரசா வா. பால் காய்ச்சோணும்."

செம்பாறையைத் தோண்டியவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள். ஊர் ஊராக ரிக் லாரி ஓட்டி ஆழ்துளைக் கிணறு போட்டுப் பழகிய பரம்பரை. செவ்வாயில் பனிக்கட்டி ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்ததும், உலகத்தில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? வந்தார்கள், தோண்டினார்கள், தண்ணீர் எடுத்தார்கள், தோண்டிய பள்ளத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். ரிக்கோடு பேச்சையும் பழக்கவழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆனால் தரைக்கு அடியில் வானமே பார்க்காமல் கிடந்தால் மனிதனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. முதல் சில ஆண்டுகளில் நல்ல தெம்பான ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவர்கள் வண்ண விளக்கு போட்டுப் பார்த்தார்கள், குயில் சத்தம் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். கடைசியில் பலித்தது முயல். கீரைத் தண்டைத் தின்றது, மண்ணுக்கு உரம் தந்தது, சத்தம் போடவில்லை, மடியில் வைத்தால் சூடாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு முயல் என்று விதி செய்தார்கள். ஒற்றை முயல் ஏங்கிப்போகும் என்பதால் இரண்டு.

அந்தத் தலைமுறை, முயல்தானே என்று இரண்டையும் ஒரே கூண்டில் போட்டுக் கதவைச் சாத்தியது. காது கிழிந்தது, வயிறு கிழிந்தது, பல வீடுகளில் காலையில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. பூமியிலிருந்து இத்தனை தூரம் கொண்டுவந்த உயிரை இப்படியா சாகவிடுவது என்று குடியிருப்பே கொதித்துப்போய் இணக்க விதியைக் கொண்டுவந்தது. அதை நடத்தத்தான் அந்த முழங்கால் உயர இயந்திரம். அதற்கு இணக்கி என்று பெயர். பன்னிரண்டு வகை விலங்குகளின் நடத்தை அதற்கு அத்துப்படி. முயல் காதை மடக்கும் கோணத்தை வைத்து அதன் மனநிலையைச் சொல்லிவிடும்.

மரகதவல்லிக்கு அந்த விதிகள் மனப்பாடம். அவளுடைய முயல் கடுகு, ஜோடி சீரகம் செத்துப்போனதிலிருந்து சரியாகத் தின்பதில்லை. முயல் ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். பிறகு பிழைப்பது கஷ்டம். அதனால் அவள் கடுகைக் கையில் வைத்துக்கொண்டு கொத்தமல்லியை ஒவ்வொரு இலையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவர் சாகக் கிடந்தபோதுகூட அவரை இப்படித் தாங்கியதில்லை என்று அவளே சொல்வாள். கடுகுக்குத் துணை வேண்டுமென்று அவள் விண்ணப்பித்த அதே வாரம்தான் மகனுக்கும் பெண் பார்க்கச் சொல்லிப் பூமிக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டுக்கும் ஒன்றாகப் பதில் வந்தது. புது முயலுக்குக் காகிதம் போல வெளுத்து மடங்கிய காது, அதனால் அதற்கு அப்பளம் என்று பெயர் வைத்தாள்.

அப்பளத்துக்கு வந்ததும் அறுவை சிகிச்சை. கருவகத்தை எடுத்துவிடுவார்கள். எடுத்த உடனேயும் சேர்த்துவிட முடியாது. உடம்பில் ஊறிய சுரப்பு அடங்கச் சில வாரம் ஆகும். அது அடங்காமல் இன்னொரு பெண் முயலோடு விட்டால், இது என் இடம், அது உன் இடம் என்று குதறிக்கொள்ளும். அதுவரை அப்பளம் விலங்கு இல்லத்தில் இருக்கும். வீட்டு ஆள் ஒருவர் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தன் வாசனையைப் பழக்க வேண்டும். மரகதவல்லிக்கு மூட்டுவலி. நிறைமதி போனாள்.

"ஆபரேசன் எதுக்குங்கத்தெ?" என்று நிறைமதி ஒரு நாள் கேட்டாள்.

மரகதவல்லி பதறிப்போனாள். "பின்னே? வந்து எறங்குன ஒடனே குட்டி போடுன்னா அது என்ன மிசினா? பாவம், புது எடம், புது ஆளு, மொதல்ல அது மனசு செட்டாக வேண்டாமா? பெத்துப் பெத்தே ஒடம்பு தேஞ்சு போயிரும் கண்ணு. அதுக்குன்னு ஒரு நிம்மதி வேணுமல்ல."

"சரிங்கத்தெ."

"அப்புறம், இந்த மாசமும் ஒண்ணும் இல்லியா உனக்கு?"

நிறைமதி இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் மரகதவல்லி மூச்சுகூட விடவில்லை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கடுகுக்கு ஊட்டிய அதே கையால் மருமகளுக்கும் இரண்டு தோசை கூடப் போட்டாள். அவளுக்கு இரண்டும் வேறு வேறு விஷயம், அவ்வளவுதான்.

நிறைமதி ஈரோட்டில் மண் நுண்ணுயிரியல் படித்தவள். செம்பாறையின் மண் பிரிவில் வேலை என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வேலை அவளுக்காகக் காலியாகவே இருந்தது. ஆனால், "ஒண்ணு பொறக்கட்டும் கண்ணு, அப்புறமேல் போலாம்" என்று மரகதவல்லி சொல்லிவிட்டாள். வீட்டில் சமையலறை நிறைமதியின் பொறுப்பு என்று முதல் நாளே ஒப்படைத்தார்கள். ஒப்படைத்தவள் நகராமல் பின்னாலேயே நின்றாள். கரண்டி அங்கே மாட்டக் கூடாது, இங்கே. உப்பு இப்போது போடக் கூடாது, அப்புறம். இரண்டு பெண்களும் சத்தமே போடாமல், ஒரு கரண்டியை நாளெல்லாம் இடம் மாற்றி இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பனிச் சுரங்கத்திலிருந்து வரும் இன்பன் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடுவான்.

அப்பளத்தின் அருகே உட்காரும் நேரம்தான் நிறைமதிக்குச் சொந்தமாக இருந்தது. அங்கேதான் இணக்கி ஒரு நாள் அந்த விஷயத்தைச் சொன்னது.

"இந்த உயிருக்குத் திரும்பும் உரிமை உண்டு. கப்பல் கிளம்புவதற்குள் இணக்கம் ஏற்படாவிட்டால் பூமிக்கே அனுப்பிவிடுவோம். செலவு குடியிருப்பைச் சேர்ந்தது. தனியே அனுப்ப மாட்டோம். பழகிய மனிதர் ஒருவர் கூடப் போக வேண்டும்."

"யாருங்க போவாங்க?"

"தினமும் கவனித்தவர். இதன் விஷயத்தில் நீங்கள்."

நிறைமதி கொஞ்ச நேரம் அப்பளத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மனிதர்கள் பூமிக்குத் திரும்பக் கப்பலில் இடம் கேட்டால் பத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"மனுசங்களுக்கு இந்த உரிமை கெடையாதுங்களா?"

"இல்லை. மனிதர் சம்மதித்து வருகிறார். விலங்கு கொண்டுவரப்படுகிறது. அதனால் விலங்குக்கு மட்டும்."

தன் சம்மதத்தை அவள் நினைத்துப்பார்த்தாள். பெண் பார்த்தது திரை வழியாக. இங்கிருந்து ஒரு கேள்வி போனால் அங்கே சேரக் கால் மணி, பதில் திரும்பக் கால் மணி. பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். பாடினாள். பாட்டு நன்றாக இருக்கிறது என்ற பதில் வருவதற்குள் அவள் வீட்டில் எல்லாரும் பஜ்ஜி தின்று கைகழுவிவிட்டார்கள், மாமா ஒருவர் நாளும் குறித்துவிட்டார். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று யாராவது அவளிடம் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வி வழியில் எங்கேயோ இருந்திருக்கும்.

மூன்றாம் மாத முடிவில் அப்பளம் வீட்டுக்கு வந்தது. கடுகின் கூண்டை அடுத்து இன்னொரு கூண்டு, நடுவில் இரட்டைக் கம்பிவலை. வலைக்கு இப்பக்கம் ஒரு பிடி கொத்தமல்லி, அப்பக்கம் ஒரு பிடி. எதிர் எதிராக நின்று தின்றால், இன்னொன்றின் வாசனை வயிறு நிறைவதோடு சேர்ந்து மனதில் பதியும். தினமும் இதன் வைக்கோலை அதற்கும், அதன் வைக்கோலை இதற்கும் மாற்றிப் போட வேண்டும். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், தண்ணீர் ஆலைக்குப் பின்னாலிருந்த நடைவழியில், சிறிது நேரம் சந்திப்பு. எல்லாவற்றையும் நிறைமதிதான் செய்தாள்.

வைக்கோலை மாற்றாமல் விட்டால் போதும். சந்திப்பின்போது ஒருமுறை கையைத் தட்டிப் பயமுறுத்தினால் போதும். இணக்கம் கெடும், அப்பளம் திரும்பும், கூடவே அவளும் திரும்பலாம். இது தெரிந்தும் அவள் ஒரு நாள்கூட வைக்கோலை மாற்றாமல் விடவில்லை.

மரகதவல்லி இதை ஒரு மத்தியானம் தெரிந்துகொண்டாள். குளியலறையிலிருந்து வந்தவள், மருமகள் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு நின்றுவிட்டாள்.

"உன்னையத் திருப்பி அனுப்புனா என்னையும் கூட்டிட்டுப் போலாமாம் தெரியுமா? உனக்கு டிக்கெட்டு இருக்குது. எனக்கு நீதான் டிக்கெட்டு." நிறைமதி மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அந்தக் கெழவி என்ன பாவம் பண்ணுச்சு? நீயும் போயிட்டா அது தின்னாமயே செத்துரும்."

கிழவி என்றது கடுகை. சொல்லிவிட்டு நிறைமதி எழுந்து, அப்பளத்தின் வைக்கோலை அள்ளிக் கடுகின் கூண்டில் பரப்பினாள். கடுகு மோந்து பார்த்தது. காலைத் தரையில் தட்டி எச்சரிக்கவில்லை. அப்படியே அந்த வைக்கோலில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

மரகதவல்லி சத்தமில்லாமல் குளியலறைக்குள் திரும்பிப் போனாள். உள்ளே அவளுக்கு அழுகை வந்தது. முதலில் கோபத்தில் வருகிறது என்றுதான் நினைத்தாள். பிறகு யோசித்தபோது, திருச்செங்கோட்டில் ஒரு சமையலறை ஞாபகம் வந்தது. அங்கே அவளும் தாலி கட்டிய மறுநாள் காலை ஒரு கரண்டியை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நின்றாள். அவள் மாமியார் பின்னாலேயே நின்றார். அந்தக் கரண்டி அவள் மாட்டிய இடத்தில் நிலைக்கப் பல வருடம் ஆயிற்று, அதுவும் மாமியார் செத்த பிறகு. திரும்பிப் போக அவளுக்கும் அன்று ஆசையாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல அவளிடம் ஒரு முயல்கூட இல்லை.

கப்பல் கிளம்பும் நாள் நெருங்கியது. பொது நடைவழிச் சந்திப்புகளில் இரண்டு முயல்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரத் தொடங்கிவிட்டன. ஒருமுறை கடுகு தலையைத் தாழ்த்திக் காட்ட, அப்பளம் அதன் நெற்றியை நக்கிவிட்டது. கடைசிச் சோதனை இன்னும் ஒன்று பாக்கி. தேறிவிடும் என்று இணக்கியே சொன்னது. மரகதவல்லிக்குச் சந்தோஷம் என்று இன்பன் நினைத்தான். ஆனால் அவள் அன்று சாப்பிடவில்லை.

சோதனை நாள் காலையில் நிறைமதி கீரை வாங்கப் போயிருந்தாள். இன்பன் ரிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மரகதவல்லி தடித்த துவாலை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பளத்தைத் தூக்கினாள். கம்பிவலையைத் தாண்டி, கடுகின் கூண்டுக்குள், கடுகு தாடையை உரசி உரசி இது என் மூலை என்று அடையாளம் வைத்திருந்த அதே மூலையில் கொண்டுபோய் விட்டாள்.

நடைவழியில் நெற்றியை நீட்டிய அதே கடுகு ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணம் பாய்ந்தது. இரண்டும் உருண்டன, மயிர் பறந்தது. மரகதவல்லி துவாலையை நடுவில் போட்டு உடனே பிரித்துவிட்டாள். ஒரு காதில் சின்னக் கீறல், அவள் கையில் ஒரு கடி, வேறு சேதமில்லை. ஆனால் ஒரு சண்டை போட்ட முயல்கள் அதை மறக்காது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். கப்பல் கிளம்ப இருந்த நேரமோ அதற்குப் போதாது.

"அம்மா! என்ன பண்ணிப்போட்டீங்க?" என்று கத்தினான் இன்பன். கத்திக்கொண்டே அவன் கடுகைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவள் அப்பளத்தைத் திரும்ப அதன் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

நிறைமதி கீரைக் கட்டோடு வந்தபோது இணக்கியும் உருண்டு வந்துவிட்டது. இரண்டு முயல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அது தீர்ப்புச் சொன்னது.

"இணக்கம் முறிந்தது. அப்பளத்துக்குத் திரும்பும் உரிமை வந்துவிட்டது. கூடப் போகிறவர் பெயர் வேண்டும்."

"நிறைமதி," என்றாள் மரகதவல்லி.

"அம்மா!" என்றான் இன்பன்.

"நீ சும்மா இரு சாமி. அவ போறதுன்னா போகட்டும். இருக்கறதுன்னா இருக்கட்டும். அதை அவதான் சொல்லோணும்." மருமகள் முகத்தைப் பார்க்காமல் கீரைக் கட்டைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கு நீ அதுகூடப் பேசுனதக் கேட்டேன் கண்ணு."

நிறைமதி கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் போக வேண்டும், போக வேண்டும் என்று மட்டுமே நினைத்தவள். போகலாம் என்று ஆன பிறகுதான், இருக்கலாமா என்று முதன்முறையாக அவளால் யோசிக்க முடிந்தது. இன்பனைப் பார்த்தாள். அவன் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் இதுவரை நிம்மதியாக ஒரு மணி நேரம் பேசியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவன் நல்லவனா என்பதே அவளுக்குத் தெரியாது.

"இந்தக் கப்பல்ல போகலீன்னா அந்த உரிமை போயிருங்களா?" என்று இணக்கியிடம் கேட்டாள்.

"போகாது. புதிதாக வந்த உயிரை வேறோர் இடத்தில் தனியே வைத்து முதலிலிருந்து தொடங்கலாம். உரிமை அடுத்த கப்பல் வரை அதன் கையில் இருக்கும்."

"அப்ப நானும் அப்பளமும் மண் பிரிவு விடுதிக்குப் போயிக்கிறோம். நான் நாளைக்கே வேலையில சேந்துக்கறேன்." அவள் இன்பனைப் பார்த்து நிமிர்ந்தாள். "ஏனுங்க, சாயந்தரம் சுரங்கத்துலருந்து வரும்போது அந்த நடைவழில வந்து பாருங்க. பேசலாம்."

"தினமுமா?" என்று கேட்டான் இன்பன். அவன் முகத்தில் பயமும் சந்தோஷமும் கலந்திருந்தன.

"பாக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல."

மரகதவல்லி கடிபட்ட கையைத் துவாலையில் சுற்றிக்கொண்டாள். "நானும் கடுகத் தூக்கிட்டு வரட்டுமா கண்ணு? தூரமா உக்காந்துக்கறேன்."

"வாங்கத்தெ," என்றாள் நிறைமதி. "கொத்தமல்லி எடுத்துட்டு வாங்க."

இணக்கி நகரவில்லை. அதற்கு இன்னொரு கடமை பாக்கி இருந்தது. அது மரகதவல்லியின் பக்கம் திரும்பியது.

"நீங்கள் செய்தது குற்றம். புதிதாக வந்த ஓர் உயிரை, எந்தப் பழக்கமும் ஏற்படுத்தாமல், இன்னோர் உயிர் தனதென்று ஆண்டுகொண்டிருக்கும் இடத்தில் நேராகக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். தண்டனையாக நீங்கள் இனி புது முயல் கேட்க முடியாது. இது கொடுமை என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றாள் மரகதவல்லி. "எங்களுக்கு யாருஞ் சொல்லுலீங்க. எங்காளுங்க காலங்காலமா இதைத்தானுங்க செய்யறோம். பத்திரிகை அடிச்சு, சொந்தபந்தத்தையெல்லாங் கூப்புட்டு, மேளம் வெச்சு, பந்தி போட்டுச் செய்யறோம்."

இணக்கி தனக்குத் தெரிந்த பன்னிரண்டு வகைகளிலும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தது. எதிலும் அப்படி ஒரு வழக்கம் அகப்படவில்லை.

"எந்த விலங்குக்கு?" என்று கேட்டது.